பாப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த அந்த 'எக்ஸ் 1'

அன்புள்ள தம்பி,

பாப்பாவின் மைக்ரோஅரே ரிப்போர்ட்டைப் படித்தேன் (குரோமோசோம்களில் சின்னச் சின்னத் துண்டுகள் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது). இதே மாதிரி தாளை வைத்துக்கொண்டு முழிக்கிற அப்பா அம்மாக்கள் நிறையப் பேர் இருப்பதால், உன் பெயரைப் போடாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீளமான எண் வரிசையின் கடைசியில் 'எக்ஸ் 1' என்று இருக்கிறதே, விஷயம் அதில்தான் இருக்கிறது. 22-ஆம் குரோமோசோம் எல்லோருக்கும் இரண்டு: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பாப்பாவுக்கு அதில் ஒன்றில், 22கியூ11.2 என்ற இடத்தில், சுமார் 30 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு இல்லை. அதிலிருக்கும் நாற்பது சொச்சம் மரபணுக்கள் அவளுக்கு ஒற்றைப் பிரதிதான். 'எக்ஸ் 3' என்று வந்திருந்தால் அதே துண்டு ஒன்று கூடுதல் என்று அர்த்தம். சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் இவ்வளவு சின்னத் துண்டு கண்ணில் படாது. முன்பு எடுத்தது 'நார்மல்' என்று வந்ததற்காக அந்த டாக்டரைத் திட்டாதே.

கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு அலைந்தாள் என்று உன் மனைவியைக் கேட்பவர்களுக்கு நீயே பதில் சொல்லிவிடு. அந்த இடத்தின் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான எழுத்து வரிசைகள் உண்டு. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அந்த ஒற்றுமையால் இடம் பிசகிச் சேர்ந்தால் ஒன்றில் துண்டு போய்விடும், மற்றதில் இரட்டிப்பாகிவிடும். சாப்பாட்டுக்கும் அலைச்சலுக்கும் இதில் வேலையே இல்லை.

இப்படித் துண்டு இல்லாமல் போகும் நீக்கமும், கூடுதலாகும் இரட்டிப்பும் மூளையில் என்ன செய்கின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் 7-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அங்கே 7கியூ11.23 துண்டு இல்லாவிட்டால் வில்லியம்ஸ் சிண்ட்ரோம். அந்தக் குழந்தைகள் முன்பின் தெரியாதவரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வார்கள். வாய் ஓயாமல் பேசுவார்கள், ஆனால் நாலு கட்டையை மாதிரியைப் பார்த்து அடுக்கச் சொன்னால் திணறுவார்கள். அதே துண்டு கூடுதலாக இருந்தால் பேச்சே தாமதமாக வரும். வீட்டில் பேசுகிற குழந்தை வெளியாள் வந்தால் வாயே திறக்காது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனிகூட அப்படித்தான்: நீக்கத்தில் குறுகும், இரட்டிப்பில் விரியலாம். 16பி11.2 என்ற இடத்தில் கண்ணாடி பிம்பம் மாதிரியான இந்த எதிர்மாறு எடையில் தெரிகிறது. நீக்கம் உடல் பருமன் பக்கம் இழுக்கும், இரட்டிப்பு மெலிவின் பக்கம். ஆனால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பை இரண்டுமே கூட்டுகின்றன. எல்லாம் நேர் எதிராகவே நடக்கும் என்று நம்பிவிட முடியாது.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்த நீக்கமுள்ளவர்களின் ஐ.க்யூ. சராசரி 70-ஐ ஒட்டி இருக்கும் என்று நெட்டில் பார்த்துப் பதறியிருப்பாய். அந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. உயரமான குடும்பத்துப் பிள்ளை கொஞ்சம் வளர்த்தி குறைந்தாலும் மற்றவர்களோடு சமமாக நிற்பதில்லையா, அதுபோல நீக்கம் எவ்வளவு இறக்கியது என்பதோடு எங்கிருந்து இறக்கியது என்பதும் முக்கியம். பெற்றோரின் திறன் இந்தக் குழந்தைகளிடமும் பிரதிபலிக்கிறது.

பள்ளியில் நீ கவனிக்க வேண்டியது வேறு. இவர்களில் பலர் சத்தமாக, தடங்கலில்லாமல் வாசிப்பார்கள். டீச்சர் சந்தோஷப்படுவார். ஆனால் வாசித்த கதையிலிருந்து 'அந்தப் பையன் ஏன் அழுதான்?' என்று கேட்டால் பதில் வராது. கணக்கில் இன்னும் சிரமம். வாசிப்பை வைத்து எடைபோட்டுவிட்டு, மற்றதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவார்கள். முறையான மதிப்பீடு செய்து, அந்த ரிப்போர்ட்டை டீச்சர் கையில் கொடு.

உடம்பு விஷயத்தில் தள்ளிப்போடாதே. இதயத்துக்கு எக்கோ, மூக்கால் பேசுவது மாதிரி இருப்பதால் அண்ணத்துக்கு ஒரு பரிசோதனை, காது, சிறுநீரக ஸ்கேன். ரத்தத்தில் கால்சியம் கட்டாயம். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகள் சரியாக வளராததால் கால்சியம் இறங்கி வலிப்பே வரலாம். இப்போது சரியாக இருந்தாலும் பருவ வயதிலோ ஆபரேஷன் சமயத்திலோ இறங்கலாம். நோய் எதிர்ப்பு அணுக்கள் முதிர்கிற தைமஸ் சுரப்பியும் சிறியதாக இருக்கக்கூடும் என்பதால், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எது போடுவதானாலும் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பார்த்த பிறகு போடச் சொல்.

நீ கேட்கத் தயங்கியதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நீக்கமுள்ள பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு வகை நோய் வருகிறது. பெரிய எண்தான், மழுப்ப மாட்டேன். நாலில் மூன்று பேருக்கு வருவதில்லை என்பதும் அதே கணக்குதான். பதின்ம வயதில் தூக்கம் கெடுவது, நண்பர்களை விட்டு விலகுவது, படிப்பு திடீரென்று சரிவது, காரணமில்லாத சந்தேகம் இதெல்லாம் தெரிந்தால் 'வயசுக் கோளாறு' என்று விடாமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். பதற்றமும் கவனக்குறைவும் அதற்கு முன்னாலேயே வரும். அவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

அப்புறம், நீங்கள் இருவரும் இதே பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது புதிதாக வந்தது, மீதிப்பேருக்கு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கும். பாதிப்பு லேசாக இருப்பவருக்குத் தனக்கு நீக்கம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். உங்களில் ஒருவருக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இல்லாவிட்டால் மிகவும் குறைவு. இரண்டாவது குழந்தையைப் பற்றி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ரிசல்ட் வரும்வரை நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா