பாட்டை அனுப்புகிறார்கள், பெயரை அனுப்புவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையற்கடை வைத்திருப்பவன் நான். உங்கள் நாளிதழைக் கடைக்கு வாங்கிப் போடுகிறேன். நான் கையில் எடுப்பதற்குள், அளவு கொடுக்க வந்து காத்திருப்பவர்கள் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டுவிடுவார்கள். இந்தக் கடிதம் இசையைப் பற்றியது. சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவர்கள் எழுதுவதைப்போல் இது இருக்காது. காலையில் கடை திறந்தது முதல் இரவு கதவைச் சாத்தும் வரை எங்கள் கடையில் ஏதாவது ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த அளவுக்குத்தான் எனக்குச் சங்கீதம் தெரியும்.

'இப்போது நான் கேட்டுக்கொண்டிருப்பது' என்று ஒருவருக்கொருவர் பாட்டு அனுப்பிக்கொள்வது இப்போது பெரிய பழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். என் கைப்பேசிக்கும் தினமும் வருகின்றன. குறை என்னவென்றால், பாடியவர் யார், வாசித்தவர் யார் என்ற விவரம் பெரும்பாலானவற்றில் இருப்பதில்லை. 'அருமை', 'கண்கள் கலங்கிவிட்டன', 'கடைசி வரை கேளுங்கள்' என்று மட்டும் இருக்கும். கடைசி வரை கேட்டாலும் பெயர் வராது.

சமீபத்தில் ஒருவர் 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் ஆபேரி ராகப் பாட்டை அனுப்பியிருந்தார். நாதஸ்வரமும் பெண் குரலும் போட்டி போடும் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. அதன்கீழே அவர் எழுதியிருந்தது: 'ஜெமினியின் நாதஸ்வரமும் சாவித்திரியின் குரலும்!' படிக்கும்போதே மெஷினை நிறுத்திவிட்டேன். நாதஸ்வரம் வாசித்தவர் காருக்குறிச்சி அருணாசலம். பாடியவர் எஸ். ஜானகி. இசையமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. அருணாசலம் 1964-இல் காலமானபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. அந்த மூச்சுக்கு உரியவர் பெயரைச் சொல்ல ஒரு வரி எழுதினால் போதும். அதற்குச் சோம்பல். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கும் இதே கதிதான். சிவாஜி கன்னம் உப்ப உட்கார்ந்திருப்பதைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அங்கே கேட்பது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். இந்த இரண்டு பெயர்களையும் என் கடைக்கு வருகிற பட்டதாரிகளிடம் கேட்டுப் பார்க்கிறேன். உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

நான் காஜா எடுக்கும் பையனாக வேலைக்குச் சேர்ந்த கடையில் ஒரு ரேடியோ இருந்தது. கடற்கரை ஊர் என்பதால் இலங்கை வானொலி எங்களுக்கு அடுத்த தெருவிலிருந்து பேசுவதுபோல் கேட்கும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. ஒரு பாட்டைப் போடுவதற்கு முன் படம், பாடியவர், இசை, எழுதியவர் என்று ஒன்றையும் விடாமல் சொல்வார்கள். நேயர் விருப்பம் என்றால் கேட்டவரின் பெயரும் ஊரும்கூட வரும். நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று நம் பக்கத்து ஊர்ப்பெயர் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும்போது, யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்து இதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கத்தரியை வைத்துவிட்டுக் கேட்போம். 1967-இல் புதுச்சேரி வானொலி நிலையம் வந்த பிறகு கர்நாடக இசைக்கும் வழி பிறந்தது. பாடுபவரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த மாட்டார்கள். வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று சொன்ன பிறகுதான் கச்சேரி தொடங்கும். என்னைப்போல் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவன் தவில்காரர்களின் பெயரைத் தெரிந்துகொண்டது அந்த அறிவிப்புகளால்தான். வலையப்பட்டி சுப்ரமணியம் யார், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி யார் என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

தவில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இன்னும் கால் மெஷின்தான் வைத்திருக்கிறேன். மோட்டார் பொருத்திக்கொள்ளுங்கள் என்று மகன் நச்சரிக்கிறான். மோட்டார் இரைச்சலில் பாட்டு காதில் விழாது என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் கால் மெஷினில் ஒரு சங்கடம் உண்டு. ராக ஆலாபனை போகும்போது தையல் சீராக விழும். தவில் மட்டும் தனியாக வாசிக்கும் 'தனி' தொடங்கிவிட்டால் கால் தன்னையறியாமல் அதோடு ஓடும். ஓட்டம் மிஞ்சினால் கை துணியைத் தன் போக்குக்கு விடாது, முன்னுக்கு இழுக்கும். தையல் நெருக்கமாக விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிந்து கிடக்கும். அதனால் தனி வரும் நேரத்தில் காலர் முனையில் கை வைப்பதில்லை. அழுத்துகட்டையைத் தூக்கி, ஊசியைத் துணியிலேயே நிறுத்திவிட்டுக் கேட்பேன். சட்டை ஐந்து நிமிடம் தாமதமானால் யாரும் குடிமுழுகிப் போவதில்லை.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் எங்களைப் புரட்டிப் போட்டதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல நாட்கள் மின்சாரம் இல்லை. மோட்டார் மெஷின்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மெஷின் ஓடியது, பேட்டரி போட்ட டிரான்சிஸ்டரும் பாடியது. கைப்பேசி அணைந்துபோனவர்கள் என் கடைத்திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். செய்தி கேட்கத்தான் வந்தார்கள். செய்தி முடிந்தும் எழுந்து போகாமல் பாட்டையும் கேட்டார்கள். 'இது யார் பாடுவது?' என்று எதிர்வீட்டுப் பையன் அப்போது கேட்டான். அதற்கு முன்னும் பின்னும் அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

பெயர் தெரியாமல் கேட்டால் இனிக்காதா என்று சிலர் வாதம் செய்வார்கள். இனிக்கும். ஆனால் அடுத்ததைத் தேட வழி இருக்காது. ரம்ஜானுக்கு ஜிப்பா தைக்கக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாட்டு ஒன்றை என்னைக் கேட்க வைத்தார். மேல் ஸ்தாயியில் அந்தக் குரல் நடுங்காமல் நிற்கிற இடத்தைக் கையை உயர்த்திக் காட்டினார். பெயர் தெரிந்ததால் மற்றவற்றை நானே தேடிக்கொண்டேன். இப்போது ஜிப்பாவுக்குக் கழுத்து வெட்டும் நாளெல்லாம் ஹனிபாதான். கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எஸ். பாலசந்தரின் வீணையை எனக்குக் காட்டினார். வீணைத் தண்டின்மேல் இருக்கும் மெட்டுக்கட்டைகளில் ஒன்றில் மட்டும் விரலை வைத்துத் தந்தியை இழுத்து இழுத்து எத்தனை ஸ்வரம் எடுக்கிறார், கவனியுங்கள் என்றார். அவர் சொல்லியிராவிட்டால் வீணை என்றால் மங்கள நிகழ்ச்சியில் பின்னால் கேட்பது என்ற நினைப்பிலேயே இருந்திருப்பேன்.

இளைஞர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்த கல்லூரி மாணவி ஒருத்தி காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னம்மா கேட்கிறாய் என்றேன். தென்கொரியாவின் பி.டி.எஸ். குழுவாம். ஏழு பேர். ஏழு பெயர்களையும் மூச்சுவிடாமல் சொல்லி, இவர் உச்சக் குரல், இவர் வேகமாகச் சொற்களை அடுக்குபவர், இவர் நடனத்தில் முதல் என்று ஆளுக்கொரு வரியும் சொன்னாள். 'தாத்தா, இந்த இடத்தில் மட்டும் கேளுங்கள்' என்று ஒரு முனையை என் காதில் வைத்தாள். மொழி புரியவில்லை. இரண்டு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே இடத்தில் வந்து நிற்பது புரிந்தது. அந்தப் பெண்ணிடம் இருக்கிற ஒழுங்கு நம் பெரியவர்களின் குழுக்களில் இல்லையே என்பதுதான் என் வருத்தம். கொரியாவின் ஏழு பேரை அவள் சொல்கிறாள். தங்கள் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டிய தவில்காரர் யார் என்று அந்தப் பெரியவர்களைக் கேட்டால் மண்டபத்தின் பெயரைச் சொல்கிறார்கள்.

இனி உங்களிடம் என் கோரிக்கை. முன்பெல்லாம் நாளிதழ்களில் அன்றாட வானொலி நிகழ்ச்சி நிரல் வரும். அதை மீண்டும் போடச் சொன்னால் இடமில்லை என்பீர்கள், நியாயம்தான். அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை ஒரு சிறிய பெட்டிச் செய்தி அளவுக்கு இடம் தாருங்கள். அதில் வாசகர்கள் தாங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பதை எழுதட்டும். நிபந்தனைகள் கறாராக இருக்க வேண்டும். பாடியவர், வாசித்தவர், பக்கவாத்தியம் ஆகிய பெயர்கள் கட்டாயம். எந்த இடத்தைக் காத்திருந்து கேட்க வேண்டும் என்று ஒரு வரி. எதைச் செய்துகொண்டே கேட்கிறார் என்று ஒரு வரி. 'தெய்வீகம்', 'தேனினும் இனிய' போன்றவற்றை ஆசிரியர் குழு தயவுதாட்சண்யம் பார்க்காமல் வெட்டிவிட வேண்டும். சினிமாப் பாட்டா, தேவாரமா, கானாவா என்று தரம் பிரிக்க வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிறவர் எதைக் கேட்டுக்கொண்டு பின்னுகிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காதை அடைத்துக்கொண்டு நடக்கிற நூற்றுக்கணக்கானவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதும் அப்போதுதான் வெளியே வரும்.

ஞாயிறு வேண்டாம், அன்று கடை விடுமுறை. வெள்ளிக்கிழமை என்றால் வசதி.

மாதிரிக்கு என் பங்கை இப்போதே அனுப்பிவிடுகிறேன். ஷேக் சின்ன மௌலானா, நாதஸ்வரம். ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர். ராகம் கல்யாணி. ஆலாபனை பாதி கடந்ததும் தவில் அடங்கி, சுருதியும் நாதஸ்வரமும் மட்டும் நிற்கும். அங்கே அவர் ஒரே ஸ்வரத்தில் நீளமாக நின்றுவிட்டு, அவசரமே இல்லாமல் கீழே இறங்குகிறார். பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் கட்டிக்கொண்டே கேட்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய பதிவு இது. தவில் வாசித்தவர் பெயர் அதில் இல்லை, அனுப்பியவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பகுதியைத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே இதைப் போட்டுவிடுங்கள். விவரம் அறிந்த வாசகர் யாராவது எழுதுவார்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.