ஜார்ஜ்டவுன் அஞ்சடிகளைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
லெபோ குயின், லெபோ பாசார் வட்டாரக் குடியிருப்பாளர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
பினாங்கு தீவு மாநகர் மன்றம்.

பொருள்: பாரம்பரியப் பகுதியில் அடைபட்டுள்ள அஞ்சடி நடைபாதைகளைத் திறந்துவிடவும், அவற்றை முறையாகப் பழுதுபார்க்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜ்டவுனை நடந்து பார்ப்பதுதான் அழகு. 1818இல் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கினால், ஊதுபத்திப் புகை மணக்கும் சீனர்களின் குவான் யின் கோயில், 1833இல் எழுந்த லெபோ குயின் மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என எல்லாமே ஒரு கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து வந்துவிடும். அப்புறம் லெபோ சூலியா பக்கம் திரும்பினால் நாகூர் தர்கா. நான்கு சமயத்தார் இப்படித் தோளுரசி வாழும் தெருக்கள் உலகில் அதிகம் இல்லை. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ நம் ஊருக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்த வழியில் நிழலில் நடக்க முடிவதில்லை. கடைவீடுகளின் முன்னால் கூரையோடு தொடர்ந்து செல்லும் அஞ்சடி, 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலிருந்து பரவிய வழக்கம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகவே அதைக் கட்டினார்கள். இன்று பல இடங்களில் மோட்டார் சைக்கிளும் எரிவாயு சிலிண்டரும் சரக்குப் பெட்டிகளும் அதை அடைத்து நிற்கின்றன. ஒரு கடையின் தரை பக்கத்துக் கடையை விட ஒரு சாண் உயரம். இன்னொன்றில் பளபளப்பான ஓடு பதித்திருக்கிறார்கள், மழை பெய்தால் கால் வழுக்குகிறது. கோயிலுக்கு வரும் வயதானவர்களும், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாய்மாரும் வாகனங்களுக்கு நடுவே சாலையில் இறங்கித்தான் நடக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

கடைக்காரர்கள் மீது பழி போட நாங்கள் இதை எழுதவில்லை. சரக்கு இறக்க இடம் இல்லாதவர்கள் வேறு எங்கே வைப்பார்கள்? எனவே காலையில் குறிப்பிட்ட நேரத்தைச் சரக்கு இறக்கத்துக்கென ஒதுக்கி, மோட்டார் சைக்கிள்களுக்கு அருகிலேயே நிறுத்துமிடம் கொடுத்து, அதன் பிறகு அஞ்சடியை அடைத்து நிற்கும் பொருள்களை அகற்றச் சொன்னால் அது நியாயமாக இருக்கும்.

இன்னொன்றையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அஞ்சடித் தூண்களைச் சிலர் சிமெண்டால் பூசிவிடுகிறார்கள். அந்தக் காலத்துச் செங்கல் ஈரத்தை இழுக்கும்; சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடுவதால் சாயம் கொப்பளித்து உரிகிறது, உள்ளே செங்கல் பொடியாக உதிர்கிறது. பார்க்கப் புதிதாக இருந்தாலும் அது தூணைக் கெடுக்கும் வேலை. பழுதுபார்ப்பு அனுமதி தரும்போதே சுண்ணாம்புப் பூச்சைக் கட்டாயமாக்கி, அதனால் கூடும் செலவில் ஒரு பகுதியை மன்றம் ஏற்க வேண்டுகிறோம்.

முதல் கட்டமாக, மாரியம்மன் கோயிலிலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வரையிலான அஞ்சடிகளைத் தங்கள் அதிகாரிகள் எங்களோடு ஒருமுறை நடந்து பார்வையிட நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வட்டாரக் குடியிருப்பாளர்கள்