திட்ட மேலாளர்களுக்குத் தன்னார்வப் பணியும் ஒரு பயிற்சியே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திட்ட மேலாண்மைச் சான்றிதழ் பெறுவது எப்படி என்ற கட்டுரைகள் நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் இப்போது அடிக்கடி வருகின்றன. எவ்வளவு கட்டணம், எத்தனை வினாக்கள், எப்படித் தயாராவது என்பவற்றை அவை தெளிவாகச் சொல்கின்றன. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு ஒரு திட்ட மேலாளர் எப்படி வளர்கிறார் என்பதை அவை பெரும்பாலும் பேசுவதில்லை. சென்னையில் மென்பொருள் துறையில் நெடுங்காலம் திட்ட மேலாளராகப் பணியாற்றி, இளையவர்களின் பதவி உயர்வு நேர்காணல்களிலும் அமர்ந்து வருபவன் என்ற முறையில், அது குறித்துச் சில கருத்துகளை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. (திட்ட மேலாண்மை நிறுவனம்) என்னும் அமைப்பு 1984 முதல் வழங்கிவரும் பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழைத்தான் நம் ஊர் நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்கின்றன. அதைப் பெற்றவர் அதைப் புதுப்பிக்க மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 60 பி.டி.யு. (தொழில்முறை வளர்ச்சி அலகு) சேர்த்துக் காட்ட வேண்டும். ஒரு பி.டி.யு. என்பது ஒரு மணி நேரக் கணக்கு. அவற்றில் குறைந்தது 35 படிப்பிலிருந்து வர வேண்டும். தொழிலுக்கு ஆற்றும் தொண்டுக்காக அதிகபட்சம் 25 வரை பெறலாம். அந்த 25-இல் திட்ட மேலாளராக வேலை பார்ப்பதற்கே 8 வரை கிடைத்துவிடும். எஞ்சியதை இளையவர்களுக்கு வழிகாட்டியும், கற்றதை எழுதியும் பேசியும், லாப நோக்கமற்ற அமைப்புகளின் காரியங்களைத் தம் தொழில்திறனால் நடத்திக்கொடுத்தும் சேர்க்கலாம். ஆனால் நான் அறிந்த பலர் இந்தத் தொண்டுப் பகுதியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது இலவச இணையவழி வகுப்புகளை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் அலுவலக அஞ்சல்களுக்குப் பதில் எழுதிக்கொண்டே மணிக்கணக்கை நிரப்பிவிடுகிறார்கள். நிறுவனமும் சான்றிதழ் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுகிறது.

இதனால் இழப்பது எதை என்று கேட்டால், மனிதர்களை வழிநடத்தும் பழக்கத்தை என்பேன். 2021 ஜனவரியில் மாற்றியமைக்கப்பட்ட பி.எம்.பி. தேர்வில் 42 விழுக்காடு வினாக்கள் மனிதர்களைப் பற்றியவையாக ஒதுக்கப்பட்டன. வினாவுக்கு விடை தெரிவது வேறு. சம்பளம் தராமல், அதிகாரம் இல்லாமல், ஒருவரை மனமுவந்து ஒரு காரியத்தில் ஈடுபடச் செய்வது வேறு. இரண்டாவதைப் பழக அலுவலகத்தில் வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அங்கே நம் சொல்லுக்குப் பின்னால் ஆண்டு இறுதி மதிப்பீடு எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது.

சொந்த ஊர்க் கண்மாயைச் சீரமைக்க நினைக்கும் ஓர் இளைஞர் குழுவை எடுத்துக்கொள்வோம். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் அத்தகைய குழுக்களோடு பணியாற்றியிருப்பதால் இதைத் தயக்கமின்றி எழுதுகிறேன். கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் போக வேண்டும். அள்ளிய வண்டலை வெளியே கொண்டுபோவதற்குத் தனி அனுமதி வேண்டும். மடைக்குப் பக்கத்தில் வயல் வைத்திருப்பவரின் கவலையும் கடைமடைக்காரரின் கவலையும் ஒன்றாக இருப்பதில்லை. மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீரை வடியவிடுவதில் உடன்பாடு இருக்காது. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று ஊரே சொல்லும்போது, அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களைக் கூட்டத்துக்கு அழைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பாடநூல்கள் பங்குதாரர்கள் (ஸ்டேக்ஹோல்டர்கள்) என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் மனிதர்கள் இவர்கள்தாம். ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணையிலும் போய் உட்கார்ந்து பேசினால்தான் வேலை நகரும்.

வேலையின் எல்லையை வகுப்பதில் அங்கே கிடைக்கும் பாடம் இன்னும் கூர்மையானது. கண்மாயின் உள்வாயை ஆழமாகத் தோண்டினால் படத்துக்கு நன்றாக இருக்கும், நன்கொடையும் வரும். ஆனால் மடையின் மட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடந்தால் மழை பெய்தாலும் கண்மாய் நிரம்பாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத கால்வாய்க்கும், மடைக்கும், மிகைநீர் வழிந்தோடும் கலுங்குக்கும் முதலில் பணம் செலவிட வேண்டும் என்று நன்கொடையாளரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு பொறுப்பேற்றவருக்கு வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அந்தக் காலக்கெடுவை எந்த வாடிக்கையாளரிடமும் பேசி நீட்டிக்க முடியாது. பொக்லைனுக்கோ மணிக்கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். வருவதாகச் சொன்ன தன்னார்வலர்களில் பாதிப்பேர் காலையில் வராவிட்டால் அவர்களைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இல்லை, அடுத்த வாரமும் அவர்கள் வரும்படி நடந்துகொள்ளும் கடமை மட்டுமே இருக்கிறது.

களம் ஊரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதவி உயர்வு நேர்காணல் ஒன்றில், இடர்களை எப்படிக் கையாண்டீர்கள் என்று கேட்டபோது ஒரு பெண், பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்குத் தேர்வெழுத உதவியாளர் ஏற்பாடு செய்த அனுபவத்தைச் சொன்னார். பல தேர்வுகளில், மாணவருக்காக எழுதும் உதவியாளரின் கல்வித்தகுதி மாணவரின் தகுதியைவிடக் குறைந்ததாக இருக்க வேண்டும். அடையாளச் சான்றுகள் முன்கூட்டியே மையத்துக்குப் போக வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் ஒரு மாணவரின் ஓராண்டே போய்விடும். அதனால் ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு மாற்று ஆளை அருகிலேயே இருக்க வைத்திருந்தார். திட்டத்தில் நேரக்கூடிய இடர்களைக் குறித்துவைக்கும் இடர்ப் பதிவேட்டை வெறும் சடங்காக நிரப்பும் பலரிடம் நான் காணாத தெளிவு அவர் பதிலில் இருந்தது.

இதை வைத்துக்கொண்டு, படிப்பு வேண்டாம், களமே போதும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தொண்டுக்கு 25 என்று உச்சவரம்பு வைத்திருப்பது சரியே. படிக்காமல் களத்திலேயே இருப்பவர் ஒரே தவற்றை ஊர் ஊராகச் செய்துகொண்டிருக்கவும் கூடும். பாதிப் பணம் செலவாகியும் கால்பங்கு வேலைதான் முடிந்திருக்கிறது என்பதைக் கண்கூடாகப் பார்த்துத் திகைத்த ஒருவர், அதன் பிறகு, செலவான பணத்தை முடிந்த வேலையின் மதிப்போடு ஒப்பிடும் ஈட்டிய மதிப்புக் கணக்கைப் படிக்கும்போது அது அவருக்கு வெறும் சூத்திரமாகத் தெரிவதில்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தில் திட்ட மேலாண்மைப் பாடங்கள் உள்ளன. இலவசமாகச் சேர்ந்து படிக்கலாம், தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் கட்டணம். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பயிற்சி நிலையத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடுகின்றன. பணம் போகிறது, பணியாளர்களின் திறன் போவதில்லை. ஆண்டுக்கு ஒருநாள் ஒரே நிறத்தில் சட்டை அணிந்து மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதால் எந்தத் திட்ட மேலாளரும் எதையும் கற்பதில்லை. மறுநாள் தண்ணீர் ஊற்ற யார் வருவார் என்ற பொறுப்பை அங்கே எவரும் ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக, விருப்பமுள்ள மேலாளர் ஒருவரை வாரத்துக்குச் சில மணி நேரம், ஆறு மாத காலம், ஒரே அமைப்பின் ஒரே காரியத்துக்கு வேலை நேரத்திலேயே அனுப்பலாம். வேலை நேரத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சமையலும் பிள்ளைகளின் படிப்பும் முதியோர் பராமரிப்பும் தம் தலையிலேயே விழும் ஒரு பெண் மேலாளரிடம் ஞாயிற்றுக்கிழமையைத் தொண்டுக்குக் கொடுங்கள் என்று கேட்பது நியாயமே இல்லை. அவ்வாறு கேட்டுவிட்டு, பிறகு தன்னார்வ அனுபவத்துக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கொடுத்தால் அது இன்னும் பெரிய அநீதியாகும்.

போகிறவர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம் பயிற்சிக்காக எளியவர்களின் காரியத்தைப் பரிசோதனைக் களமாக்கக் கூடாது. பல ஆண்டுகளாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதித் திறம்பட நடக்கும் அமைப்புக்குள் நுழைந்து, முதல் வாரமே புதிய மென்பொருளைத் திணிப்பது உதவியாகாது. ஏற்ற பொறுப்பை முடிக்கும்வரை இருக்க முடியாது என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே மறுத்துவிடுவது நல்லது.

நிறைவாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. பட்டயப்படிப்பு முடித்து, கட்டுமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் படிப்படியாக உயர்ந்து, திட்டங்களை நடத்திக்கொண்டிருப்பவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். ஐந்து ஆண்டுத் திட்ட அனுபவமும் 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சியும் இருந்தால் அவர்களும் பி.எம்.பி. தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர்கள் தமிழில் படிக்கத் திட்ட மேலாண்மை குறித்து மிகக் குறைவாகவே இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் தாம் நடத்திய பணிகளைப் பற்றித் தமிழில் எழுத, தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே பக்கத்தில், திட்ட மேலாளர் தேவைப்படும் தன்னார்வ அமைப்புகள் எந்தக் காரியத்துக்கு, எத்தனை மாதத்துக்கு, வாரம் எத்தனை மணி நேரம் தேவை என்று அறிவிக்கவும் இரண்டு அங்குல இடம் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு திட்ட மேலாளர்,
சென்னை.