ஐகோர்ட்டு விளக்கும் தேரிக்காட்டுக் கோபுரமும்

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்லத்துரைக்கு,

உம்ம கடிதம் கிடைத்தது வே. பேரன் வக்கீலாகப் பதிவு செய்த அன்று, ஐகோர்ட்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தீர். 175 அடி. பிடிக்காமல் என்ன செய்யும்?

மேலே மணி எங்கே தொங்குகிறது என்று கேட்டீரே, அது மணிக்கூண்டு இல்லை, 1977 வரை எரிந்த கலங்கரை விளக்கம். 1892-இல் கட்டடம் திறந்தார்கள், 1894-இல் உச்சியில் விளக்கேற்றினார்கள். வளாகத்தில் தனியாக நிற்கிற கல்தூண் அதற்கு முந்தைய விளக்கு, 1844-ஆம் வருஷத்தது. வழக்குக்கும் கப்பலுக்கும் ஒரே கோபுரம்! வெள்ளைக்காரன் சிக்கனக்காரன்தான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மேல் குண்டு போட்டதே, அதில் ஒன்று ஐகோர்ட்டு வளாகத்திலும் விழுந்தது. அந்த இடத்தில் கல்வெட்டு உண்டு. உம்ம அப்பாவை ஊரே 'எம்டன்' என்று கூப்பிட்டதே, அந்தப் பேர் வந்த வழி இதுதான்.

நான் முப்பது வருஷம் வழக்குக் கட்டு சுமந்த கோர்ட்டில் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. டவாலி வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிடுவார். டீக்கடையில் நிற்கிற கட்சிக்காரன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். அந்தக் குரல்தான் எங்களுக்கு மணி.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு மெஞ்ஞானபுரம் போனேன். அங்குள்ள கிறிஸ்தவக் கோயில் கோபுரம் 192 அடி. ஐகோர்ட்டை விட 17 அடி கூடுதல்! சுற்றிலும் பனையும் செம்மணலுமாகத் தேரிக்காடு. 1837-இல் அங்கே வந்த பாதிரியார் ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய கோயில் அது. இத்தனை உயரம் யாருக்கு என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். சாயங்காலம் மணி அடித்தபோது புரிந்தது. சென்னையில் விளக்கைக் கப்பல்காரன் பார்த்தான். இங்கே பனை உச்சியில் பாளை சீவுகிறவன் கடிகாரத்தையா பார்ப்பான்? காதில் விழுந்தால் போதும்.

அப்புறம் இடையன்குடிக்கும் ஒரு நடை போனேன். கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கிய கோயில் 1880-இல்தான் முடிந்தது. 33 வருஷம்! நம்ம சிவில் வழக்கு தோற்றது போம். உச்சியில் கூராக வளைகிற கூர்மாடச் சன்னல் நம் ஊர்க் கொத்தனாருக்குப் புதுசு. ஐயரே களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்டினாராம். நடுவில் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் அச்சேற்றிவிட்டார். புத்தகம் எழுதுவதை விட அந்தச் சன்னலுக்கு வளைவு நிறுத்தியதுதான் கஷ்டமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நீர் ஒத்துக்கொள்ள மாட்டீர், தமிழ் வாத்தியார் ஆயிற்றே. ஐயரை அடக்கம் செய்ததும் அந்தக் கோயிலுக்குள்ளேயேதான்.

வீட்டில் எல்லாரும் சுகம். முழங்கால் மட்டும் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது.

ஆவணியில் ஒரு தரம் வாரும். இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம். கருப்பட்டி வாங்கி வைக்கிறேன். கழுத்துக்குத் தைலம் நீர் கொண்டு வாரும்.

உமது,
பரமசிவம்