கையெழுத்தோடு முடியாத பேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஸ்னி விடுதிகளில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையைப் பாயின்ட்டுகளாக விற்கும் திட்டம் டிஸ்னி வெகேஷன் கிளப். அந்தப் பாயின்ட்டுகளை ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையைத்தான். விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்டாலும் பேரம் முடிந்துவிடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த ஒப்பந்தம் டிஸ்னி நிறுவனத்துக்குப் போகும். அதே விலைக்கு, அதே நிபந்தனைகளில் தானே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. முடிவு சொல்ல 30 நாள் அவகாசம். விலை மிகக் குறைவு என்றால் நம் கையை விட்டுப் போகும் வாய்ப்பு அதிகம். விற்பவருக்கு நட்டமில்லை, யார் வாங்கினாலும் பணம் வந்துவிடும். வாங்குபவருக்கு முன்பணம் திரும்பக் கிடைக்கும். காத்திருந்த வாரங்கள் கிடைக்காது. பதில் வரும்முன் விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பழைய விடுதிகளின் பாயின்ட்டுகளை 2019 ஜனவரி 19 முதல் மறுவிற்பனையில் வாங்கியவர்கள், அவற்றைக் கொண்டு, பிறகு வந்த டிஸ்னி விடுதியான ரிவியராவில் தங்க முடியாது. ரிவியராவின் பாயின்ட்டுகளையே அப்படி வாங்கினால் அங்கு மட்டும்தான் தங்கலாம். போர்டுவாக் போன்ற பழைய விடுதிகளின் ஒப்பந்தம் 2042-இல் முடிகிறது. அதுவரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். மறுவிற்பனைத் தரகர்கள் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், இவற்றையும் அச்சிட வேண்டும்.

– ஒரு வாசகர், ஆர்லாண்டோ