சொம்பாத் எங்கே?

லாவோஸ் நாட்டை ஆளும் லாவோ மக்கள் புரட்சிக் கட்சியின் தலைமைக்கு,

வணக்கம். சென்னை தரமணியிலிருந்து எழுதுகிறேன்.

2012 டிசம்பர் 15, சனிக்கிழமை மாலை. உங்கள் தலைநகர் வியஞ்சானில் ஒரு போலீஸ் சாவடி. காவலர் ஒரு ஜீப்பை நிறுத்துகிறார். ஓட்டி வந்தவர் இறங்குகிறார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் அதை அங்கேயே விட்டுவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு போகிறான். பிறகு விளக்கு மினுங்க ஒரு வண்டி வருகிறது; அவரை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. உங்கள் சாலைக் கேமரா பதிவு செய்த காட்சி இது. படம் மங்கல்தான். ஆனால் நடந்தது தெளிவாகவே தெரிகிறது.

அவர் சொம்பாத் சொம்போன். முன்னால் காரில் சென்ற மனைவி இங் ஷுய் மெங் வீடு போய்ச் சேர்ந்தார். பின்னால் வந்தவர் இன்றுவரை வரவில்லை.

ஆயுதம் எடுத்தவரா அவர்? வேளாண்மை படித்தவர், கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். எங்கள் எம்.எஸ். சுவாமிநாதன் 1971இல் பெற்ற அதே மகசேசே விருதை, அதே சமுதாயத் தலைமைப் பிரிவில், 2005இல் பெற்றவர். வேளாண்மை படித்தவன் என்பதால் எனக்கு இது சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்தது போல இருக்கிறது.

தனிப்பட்ட பகையாகவோ வியாபாரத் தகராறாகவோ இருக்கலாம் என்று உங்கள் அரசு சொன்னது. போலீஸ் சாவடி வாசலிலா? கேமரா பதிவை ஆராய உதவுகிறோம் என்று வெளிநாட்டினர் முன்வந்தபோதும் மறுத்துவிட்டீர்கள். எதிர்க்கட்சியிடம் முறையிடலாம் என்றால், 1975 முதல் உங்கள் நாட்டில் உங்கள் கட்சி ஒன்றுதான். போலீஸ், நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் உங்கள் கையில். அதனால் பதிலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நெருக்கடிநிலைக் காலத்தை எங்கள் ஊரும் பார்த்திருக்கிறது. 1976இல் விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்டவர்கள் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த பழைய மத்தியச் சிறையில் அடிபட்டார்கள். கொடுமைதான். ஆனாலும் எந்த மதிலுக்குப் பின்னால் தன் பிள்ளை இருக்கிறான் என்று தாய்க்குத் தெரிந்திருந்தது. மெங் அம்மையார் எந்த வாசலில் போய் நிற்பார்?

வலிந்து காணாமல் ஆக்குவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 2008இல் கையெழுத்திட்டவர்கள் நீங்கள். அசல் பதிவை வெளியே கொடுங்கள். அந்த மாலை சாவடியில் பணியில் இருந்த காவலர்களை வெளிப்படையாக விசாரியுங்கள். சொம்பாத் உயிரோடிருந்தால் வீட்டுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் அதையாவது அந்த அம்மையாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தரமணியிலிருந்து ஒரு வேளாண் பட்டதாரி