திடலில் இறங்க எண்ணும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

வணக்கம். உன் மடல் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு உன் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், உள்ள பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பயிற்சி தரலாம் என்று நீ எண்ணுவதை அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். இங்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அதே வேலையைச் செய்துவருபவன் என்பதால், நீ கேட்டவற்றுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

தோட்ட அணிக்கு ஆடிய அனுபவம் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. ஐஎஸ்என் எனப்படும் மலேசியத் தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் மூன்று நிலைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி, நாம் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு மற்றொரு பகுதி. முதல் நிலையின் விளையாட்டு அறிவியலை எப்படியாவது முடித்துவிடு. வளரும் உடம்பு எவ்வளவு சுமை தாங்கும், காயத்தைத் தவிர்ப்பது எப்படி என்பதையெல்லாம் நம் காலத்தில் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2010-இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தை வென்ற மலேசியத் தேசிய அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபாலைச் சொல்லிச் சொல்லியே பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை என்னிடம் அழைத்து வருகிறார்கள். அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுபவர், அடுத்த வாரமும் திடலுக்கு வரவேண்டும் என்ற ஆசையை அதன் மனத்தில் ஊட்டும் பயிற்றுநரே என்பது என் உறுதியான எண்ணம். திறமைசாலிகளை மட்டும் பொறுக்கி எடுத்து மற்றவர்களை ஓரத்தில் உட்கார வைப்பவர்களை நான் ஏற்பதில்லை.

ஆகவே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் உதைக்க மற்றவர்கள் காத்திருக்கும் பழைய முறையை விட்டுவிடு. பக்கத்துக்கு நால்வராகப் பிரித்துச் சிறு ஆட்டங்களாக ஆடவிட்டால் எல்லோர் காலிலும் பந்து அடிக்கடி படும். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை நான்காம் எண் பந்தே பொருத்தம். எங்கள் குழுவில் ஒரு சிறுமி, காலணிகூட இல்லாமல், தண்ணீர்ப் புட்டியை மார்போடு அணைத்தபடி கோட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருப்பாள். நால்வர் ஆட்டத்தில் ஆள் குறைந்த ஒரு மாலையில் அவளை உள்ளே அழைத்தோம். பந்து தன் பக்கம் உருண்டு வந்ததும் புட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். இப்போது எனக்கு முன்பாகவே வந்து, கூம்புகளை அடுக்கி வைப்பவள் அவள்தான்.

பாதுகாப்பில் மட்டும் சற்றும் தளராதே. எந்தப் பிள்ளையுடனும் எந்தப் பெரியவரும் தனித்திருக்கக்கூடாது. பெற்றோர் ஒருவராவது உடனிருக்கட்டும். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் குற்றம் இழைத்தால் கூடுதல் தண்டனை விதிக்கிறது. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. பேராக்கின் மாலை மழையை நீ அறிவாய். இடி கேட்டவுடன் திடலைக் காலி செய்துவிட்டு, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திரும்பு. தண்ணீர் குடிக்க அடிக்கடி இடைவேளை கொடு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, எதிரே இருந்த திடல்களும் கைவிட்டுப் போயின. செம்பனைக்கு நடுவே வளர்ந்த நமக்குத் திடல் கேட்காமலே கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு நாம் கேட்டுத்தான் வாங்கித்தர வேண்டும். நகராண்மைக் கழகத்திடமோ தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமோ எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள். கட்டணம் வாங்குவதானால் குறைவாக வாங்கு. கட்ட முடியாதவர் பிள்ளையை ஒருபோதும் திருப்பி அனுப்பாதே.

முதல் நிலை வகுப்பில் பெயர் பதிந்ததும் எனக்கு எழுது. என்னிடம் நான்காம் எண் பந்துகள் கூடுதலாக இருக்கின்றன. அடுத்த பள்ளி விடுமுறையில் இங்கு வந்து எடுத்துக்கொள். அன்றைய மாலைப் பயிற்சியையும் உடனிருந்து பார்த்துவிட்டுப் போகலாம். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்